ஒரு கைக்கு ஒரு மிஷின்

என் அண்ணி ராமக்காவுக்கு இடது கை முழங்கைக்கு நாலு விரல் கீழே முடிந்துவிடும். 1931-ம் வருஷம் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில், அவர்கள் வீட்டுக் கரும்பை வெல்லத்துக்கு ஆட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது அது. மாடு சுற்றி இழுக்கும் இரும்பு ஆலை. பதிமூன்று வயதுப் பெண், குனிந்து உட்கார்ந்து கரும்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார். தாவணி நுனியா, வளையலா, எது முதலில் சிக்கியது என்று அவருக்கே தெரியாது. அதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் மாட்டைப் பற்றித்தான் முதலில் பேசுவார்.

"நான் கத்துன கத்துல மாடு அப்படியே நின்னுடுச்சு. யாரும் புடிக்கல, தானா நின்னுச்சு. இன்னும் ரெண்டு எட்டு வச்சிருந்தா தோளு வரைக்கும் போயிருக்கும்."

அந்த மாடு கிழடாகிச் சாகும்வரை அவருடைய அப்பா அதை விற்கவில்லை.

காட்டு வேலைக்கு இனி ஆகாது என்று பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். சேலத்தில் தங்கி டிரெயினிங் முடித்து, தர்மபுரியில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சரானார். பாலக்கோட்டிலிருந்து தினமும் பஸ். அந்த பஸ்ஸில் என் அண்ணன் மாது கண்டக்டர். அண்ணி காசைக் கொடுத்துவிட்டு, டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, அப்புறம் கையை நீட்டிச் சில்லறையை வாங்குவார். கொஞ்ச நாளில் அண்ணன் டிக்கெட்டுக்குள் சில்லறையை வைத்து மடித்து, ஒரே பொட்டலமாக உள்ளங்கையில் வைக்கத் தொடங்கினார். வேறு யாருக்கும் அவர் அப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. பெண் கேட்கப் போனபோது அண்ணியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "பொண்ணுக்குக் கை இல்லைன்னு தெரியுமுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"ரெண்டு வருசமா டிக்கெட்டு குடுக்கறேனுங்க. தெரியாம இருக்குமா?" என்றாராம் அண்ணன்.

1940-ல் கல்யாணம். அடுத்த வருஷம் எங்கள் அம்மா இறந்துபோனார். நானும் தர்மபுரிக்கு வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டேன். அண்ணிதான் அவர் பள்ளியிலேயே எனக்குத் தையல் டீச்சர் வேலைக்குச் சொல்லி வைத்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடின. அண்ணன் அதற்குள் டிரைவராகிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும்.

வந்த புதிதில் நான் அண்ணிக்கு ஒத்தாசை செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், நான் கத்தியைப் பிடுங்கினேன்.

"பாஞ்சாலி, கேட்டா செய். கேக்காம செய்யாத" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் கவனித்தேன். அவர் முன்னால் இருந்த பலகையில் இரண்டு ஆணி அடியிலிருந்து மேலே துருத்திக்கொண்டிருந்தது. கத்தரிக்காயை அதில் குத்தி வைத்தால் அசையாது. ஒரு கையே போதும். அந்த வீட்டில் அதுபோல நிறைய இருந்தன. களி கிண்டும் சட்டி ஆடாமல் இருக்க மரத்தில் ஒரு வளையம். கிணற்றடிக் கம்பத்தில் ஒரு கொக்கி, ஈரப் புடவையை அதில் மாட்டி ஒரு கையால் முறுக்கிப் பிழிய. ஆணி அடிக்கவும் ஒரு வழி வைத்திருந்தார். மரச் சீப்பின் பல்லுக்கு நடுவே ஆணியைச் செருகி, சீப்பை இடது கை முண்டால் அழுத்திக்கொண்டு, வலது கையால் சுத்தியலைப் போடுவார்.

ஆனால் ஆணியால் எல்லாம் ஆகாது. புளிய மரத்திலும் வேங்கையிலும் ஆணியை நேராக அடித்தால் பலகை பிளந்துவிடும். முதலில் ஓட்டை போட வேண்டும். முளை செருகவும் ஓட்டை வேண்டும். அதற்கு முனியப்பன் ஆசாரியிடம் போக வேண்டியிருந்தது. நல்ல வேலைக்காரர், நல்ல மனுஷர். ஆனால் அண்ணி காகிதத்தில் வரைந்து கொண்டுபோவதைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"கட்டில் கேளுங்க, கதவு கேளுங்க டீச்சரம்மா, செஞ்சு தர்றேன். இது என்னங்க இது, ஆடும் இல்ல மாடும் இல்ல" என்பார். நாலு ஓட்டைக்கு நாலு வாரம் ஆகும். அதுவும் அண்ணி சொன்ன இடத்தில் இருக்காது. அவருக்கு அழகாகப் பட்ட இடத்தில் இருக்கும்.

அண்ணன் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவை சேலத்துக்கு டிரிப் போனபோது ஆசையாக ஒரு கை டிரில் வாங்கிவந்தார். பல் சக்கரம் வைத்தது, இருந்த கம்பெனியெல்லாம் விசாரித்து நல்லதாகப் பார்த்து வாங்கியது. அண்ணி பிரித்துப் பார்த்தார். ஒரு கையால் மேல் பிடியை அழுத்த வேண்டும், மறு கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் முகத்தில் அப்போதுதான் விஷயம் இறங்கியது. "அட" என்றார். அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் சிரித்தேன்.

"போனாப் போகுது. நான் புடிக்கறேன், நீ சுத்து" என்றார் அண்ணன்.

ஐந்தாறு வருஷம் அப்படித்தான் நடந்தது. அவர் பிடிப்பார், இவர் சுற்றுவார். அவர் ஒரு பக்கம் சாய்ப்பார், இவர் நேராகப் பிடியுங்க என்பார். "நேராத்தான் இருக்குது, உன் கண்ணுதான் கோணல்" என்பார் அவர். ஓட்டை கோணலாகத்தான் விழும். டியூட்டி மாறிப் போனால் அண்ணன் நாலைந்து நாள் வீட்டுக்கே வரமாட்டார். பாதி போட்ட ஓட்டையோடு பலகை மூலையில் கிடக்கும்.

எங்கள் தெருவுக்கு 1947-ல் கரண்டு வந்தது. வீட்டுக்கு இரண்டு பல்பு. அடுத்த வருஷம் தை மாதம், அண்ணனுக்குச் சோறு கொடுக்க நானும் அண்ணியும் பஸ் ஷெட்டுக்குப் போனோம். அங்கே மெக்கானிக் ஒருவர் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் கரண்டு டிரில். மறு கையில் பீடி. உர்ரென்று ஒரு சத்தம், இரும்புத் தூள் சுருள் சுருளாக விழுந்தது, ஓட்டை தயார். அவர் பீடியை இழுத்துக்கொண்டு அடுத்த ஓட்டைக்குப் போனார்.

அண்ணி சோற்றுத் தூக்கைப் பிடித்தபடி நின்றுவிட்டார். நான் கூப்பிட்டும் வரவில்லை. மெக்கானிக் அவரைப் பார்த்து என்னவோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துப் பீடியைக் கீழே போட்டார்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் சாப்பிடும்போது அண்ணி சொன்னார்.

"எனக்கு ஒரு கரண்டு டிரில் வேணுங்க."

"வூட்டுக்கா? அது ஷெட்டுல வைக்கற சாமானு. வருசத்துக்கு இருபது ஓட்டை போடுவியா? அதுக்குப் போயி யாராவது மிஷின் வாங்குவாங்களா?"

"இருபது ஓட்டைனாலும் நானே போடணும்."

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். "நான் புடிக்கறது உனக்குப் புடிக்கலையா?" என்றார். கேலியாகக் கேட்க நினைத்திருப்பார். குரல் அப்படி வரவில்லை.

அண்ணி அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார். "அப்படி இல்லைங்க" என்றார். அண்ணன் கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டார்.

அண்ணி அதற்காக விட்டுவிடவில்லை. எங்கள் தெருவுக்குக் கம்பி இழுத்த வயர்மேன் கோவிந்தனைத் தேடிப் போனார். அவரை உட்கார வைத்து அண்ணி கேட்ட கேள்விகளைப் பார்த்தால் பரீட்சை நடப்பதுபோல் இருக்கும். எத்தனை வோல்ட்? பல்பு மாட்டுகிற இடத்தில் மாட்டலாமா? ஷாக் அடிக்குமா? எதனால் கெட்டுப்போகும்?

கோவிந்தன் பொறுமையாகச் சொன்னார். "தகட்டுல 230-னு எழுதியிருக்கணுங்க. பல்பு ஹோல்டர்ல மாட்டவே கூடாது. இரும்பு உடம்பு, மூணாவது ஒயரு பூமிக்குப் போவணும். நான் வந்து மூணு ஓட்டை பிளக்கு வச்சுத் தர்றேன். அப்புறம் உள்ள கார்பன்னு ஒண்ணு இருக்குது, பென்சில் துண்டாட்டம். அது தேயும். தேஞ்சா மாத்தற மாதிரி இருக்கணும். அம்புட்டுதான்."

அண்ணி அதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். அந்த வருஷம் கோடை லீவில், தன்னுடைய இரட்டை வடச் சங்கிலியை ஒற்றை வடமாக்கி வந்த பணத்தை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு பஸ் ஏறினார். அண்ணன்தான் டிக்கெட் வாங்கித் தந்தார். எதற்குப் போகிறோம் என்று கேட்கவில்லை. ஓசூரில் காப்பி நன்றாக இருக்காது, குடிக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்தில் போய்க்கொண்டிருந்த நேரம். சிக்கப்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்து முழுக்க அந்தக் கடைகள்தான். பூட்ஸ், கொசு வலை, தண்ணீர்க் குடுவை, டெலிபோன் பெட்டி. அண்ணியின் பிறந்த வீட்டில் கன்னடமும் பேசுவார்கள். அதனால் கடைக்காரரிடம் சரளமாகப் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது, மீதி முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கடைக்காரர் முதலில் அண்ணிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், ஆம்பளை யாராவது வருகிறாரா என்று. யாரும் வரவில்லை. அப்புறம் பச்சை பெயிண்ட் அடித்த பெரிய மிஷின் ஒன்றை எடுத்து வைத்தார். அமெரிக்காப் பட்டாளத்துடையது, மலிவு, இரும்பையே துளைக்கும் என்றார். அண்ணி அதைப் புரட்டித் தகட்டைப் படித்தார். 110 என்று இருந்தது.

"பேடா" என்றார். வேண்டாம் என்று அர்த்தம்.

"ஓடும்மா, நல்லா ஓடும்."

"ஓடும். எத்தனை நாளைக்கு ஓடும்?"

அவர் அடுத்ததை எடுத்தார். புத்தம் புதியது, கண்ணாடிபோல் பளபளப்பு, கைக்கு அடக்கம். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. அண்ணி பிடித்துப் பார்த்தார். சுவிட்சு பிடிக்கு எட்டாமல் உடம்பின் இடது பக்கத்தில் இருந்தது, மறு கைக் கட்டை விரலால்தான் தள்ள முடியும். கார்பன் மாற்ற வேண்டுமென்றால் மிஷினையே பிரிக்க வேண்டும். ஒயரில் இரண்டு கம்பிதான். அதையும் மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாவதைக் கடைக்காரர் காட்டவில்லை. அண்ணியே அலமாரியின் கீழ்த்தட்டில் பார்த்துக் கை காட்டினார். சாம்பல் நிறம், பெயிண்ட் உரிந்தது, யாரோ பல வருஷம் பிடித்துப் பிடி வழவழவென்று ஆகியிருந்தது. சுவிட்சு பிடியிலேயே துப்பாக்கிக் குதிரைபோல் இருந்தது. ஆள்காட்டி விரல் போதும். கார்பன் இருந்த மூடி இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தது, ஓரணாக் காசை வைத்துத் திருகினால் திறந்தது. 230. ஒயரில் மூன்று கம்பி.

அண்ணி சக்கைப் பிடித்து, அதாவது மூக்கில் துளைக்கும் கம்பியைக் கவ்வும் அந்தத் தாடையைப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. பிறகு கையை நேராக நீட்டி மிஷினைத் தூக்கிக்கொண்டு, "பாஞ்சாலி, நூறு வரைக்கும் எண்ணு" என்றார். நான் எண்ணினேன். சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எழுபதுக்கு மேல் அவர் கை நடுங்கியது. நூறில்தான் இறக்கினார்.

"கரண்டுல போட்டுக் காட்டுங்க" என்றார். கடைக்காரர் முனகிக்கொண்டே போட்டார். ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் ஓட்டச் சொன்னார் அண்ணி. நடுவில் கடைக் கதவைச் சாத்தச் சொல்லி, இருட்டில் மிஷினின் வயிற்று ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தார். உள்ளே சின்னதாக நீலப் பொறி, அவ்வளவுதான். பிறகு மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்தார். கருகல் வாசனை இல்லை, எண்ணெய் வாசனைதான். உடம்பைத் தொட்டார். காய்ச்சல்காரன் நெற்றி அளவுக்குச் சூடு.

இனி ஒன்றுதான் பாக்கி. கம்பியை மாற்றுவது. கடைக்காரர் இரண்டு கையாலும் செய்து காட்டினார். அண்ணி கடைப் பலகையில் உட்கார்ந்து, புடவையைச் செருகிக்கொண்டு, மிஷினை மூக்கு மேலே பார்க்கும்படி இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கினார். கம்பியைத் திறந்த தாடைக்குள் போட்டார், அது தானாக நின்றது. அதே கையால் தாடையைச் சுற்றி மூடி, தாடைக்கான சாவியை வைத்து முறுக்கினார். கடைக்காரர் உள்ளே போய் நான்கு ஜோடி கார்பனைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து தந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கோவிந்தன் வைத்துத் தந்த பிளக்கில் மாட்டி முதல் ஓட்டை போட்டபோது எல்லாம் தப்பாகப் போனது. அண்ணி ஒயரைக் காலில் படாமல் இடது தோள்மேல் போட்டுக்கொண்டு, பலகையை வெறும் தரையில் வைத்து, குதிரையை அழுத்தினார். கம்பி கடித்ததும் பலகை விர்ரென்று சுற்றி என் கணுக்காலில் அடித்தது. கம்பி முறிந்தது. அண்ணி மிஷினை வைத்துவிட்டு ஓடிவந்து என் காலைத் தேய்த்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"வலிக்குதா?"

"இல்லைங்க அண்ணி. ஆனா சத்தம் நல்லா இருக்குது."

மறுநாள் பலகையை உரலுக்கும் சுவருக்கும் நடுவே ஆப்பு வைத்து இறுக்கி, ஒரு காலால் மிதித்துக்கொண்டு போட்டார். நேரான ஓட்டை. அதன் வழியே கண்ணை வைத்து என்னைப் பார்த்தார். எதற்கும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று பதினோரு ஓட்டை போட்டார். தேவைப்பட்டது ஆறுதான்.

அண்ணன் அந்தப் பலகையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். கை டிரில்லை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்து, துணியில் சுற்றித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். அண்ணியிடம் சொல்லவில்லை.

அண்ணி மிஷினை மாதத்துக்கு ஒரு தடவை எடுப்பார், சில சமயம் இரண்டு மாதம் எடுக்கமாட்டார். ஆனாலும் செய்தி பரவிவிட்டது. பெண்ணாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, பேர் குள்ளம்மாள், ஏழு வயது மகள் செல்லியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கும் ஆலையில்தான் போயிருந்தது, வலது கையில் மூன்று விரல். இடது கையால் எழுதினால் சிலேட்டு நழுவுகிறது, வாத்தியார் அடிக்கிறார் என்று அந்த அம்மா அழுதார். அண்ணி அழவில்லை. பெண்ணை உட்கார வைத்து, சிலேட்டை எப்படிப் பிடிக்கிறாள் என்று வெகுநேரம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேப்பம் பலகையில் ஓட்டை போட்டு நாலு முளை செருகி, அதற்குள் சிலேட்டு அமரும்படியும், பலகையே மடியில் நழுவாமல் நிற்கும்படியும் செய்து கொடுத்தார்.

"பாப்பா, கை வளரும். வளந்ததும் எடுத்துக்கிட்டு வா, வேற இடத்துல ஓட்டை போடலாம்" என்றார்.

செல்லி அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டாள். அவள் அம்மா கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

பஸ் ஷெட்டு ஆட்களும் வரத் தொடங்கினார்கள். ஷெட்டு மிஷின் அப்போது ரிப்பேரில் இருந்தது. டீச்சரம்மா ஒரு ஓட்டை, டீச்சரம்மா ரெண்டு ஓட்டை என்று வாசலில் நிற்பார்கள். அண்ணி இரண்டு தடவை போட்டுக் கொடுத்தார். மூன்றாம் தடவை, "இது வூட்டு மிஷினுங்க. நாள் முழுக்க ஓட்டினாச் சூடேறிப் போயிடும். எனக்கு இது ரொம்ப நாளைக்கு வேணும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணன் அப்போது கதவோரம் நின்றிருந்தார்.

1949 ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மழை. அண்ணன் ஏரியூர் டிரிப் முடித்து வந்தார். வேட்டி மடிப்புக்குள் எதையோ வைத்துக்கொண்டு சமையல் கட்டு வாசலில் நின்றார்.

"என்னங்க?" என்றார் அண்ணி.

அவர் வெளியே எடுத்தார். பஸ் ஹாரனைப் பிடித்து நிற்கும் இரும்புப் பட்டை. ஓட்டை தேய்ந்து வாய் பிளந்திருந்தது. "ஹாரன் லொடலொடன்னு ஆடுது. பக்கத்துல ஒரு ஓட்டை போட்டா நிக்கும். ஷெட்டு ஆளுங்களுக்கு இல்லைன்னுட்ட. எனக்கு மட்டும் கேட்டாப் போட்டுத் தருவியா?"

"நீங்க வூட்டு ஆளுதானுங்களே" என்றார் அண்ணி.

மிஷினை எடுத்து, மெல்லிய கம்பியாகப் பார்த்து மாட்டினார். பட்டையை ஆப்பு வைத்து இறுக்கினார், மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். அண்ணன் பழக்க தோஷத்தில் குனிந்து பட்டையின் முனையைப் பிடிக்கப் போனார்.

"புடிக்க வேண்டாம். பக்கத்துல உக்காருங்க, போதும்."

அண்ணன் உட்கார்ந்தார். அண்ணி ஓட்டை போட்டுக்கொண்டே, ஏரியூரில் மழை எப்படி என்று கேட்டார். மிஷின் சத்தத்தில் அண்ணிக்குக் காது கேட்காதே என்று அண்ணன் உரக்கப் பதில் சொன்னார். பாலத்தில் தண்ணீர் போனதையும், ஒரு கிழவர் ஆட்டுக்குட்டிக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டதையும் கத்திக் கத்திச் சொன்னார். அண்ணி சிரித்ததில் மிஷின் ஒரு தடவை நழுவியது. ஓட்டை என்னவோ சரியான இடத்தில்தான் விழுந்தது.

மறுநாள் காலை அண்ணனின் முதல் டிரிப் எங்கள் தெரு முனையில் திரும்பியது. அங்கே ஆடு மாடு எதுவும் இல்லை, ஆனாலும் ஹாரன் நாலு தடவை அடித்தது. அண்ணி களி கிண்டிக்கொண்டிருந்தார்.

"ஹாரன் ஆடல. கெட்டியாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சட்டியை இறக்கினார்.